எடைப்பிரிவு உயர்ந்தால் குத்தின் வலிமையும் உடன் வருமா?

கேள்வி

ஓர் எடைப்பிரிவில் எதிராளிகளை வரிசையாக வீழ்த்திய குத்துச்சண்டை வீரர் அடுத்த பிரிவுக்கு ஏறும்போது, அவருடைய நாக் அவுட் வலிமை அப்படியே நிற்குமா, குறையுமா, கூடுமா? எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்ட காலம் முதல் பயிற்சியாளர்களும் போட்டி ஏற்பாட்டாளர்களும் விளையாட்டு எழுத்தாளர்களும் இதற்கு வெவ்வேறு பதில்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் உடலியக்கவியல் ஆய்வுகளும் இந்த விவாதத்தில் சேர்ந்துள்ளன. ஆயினும் எல்லாரும் ஏற்கும் ஒரே பதில் உருவாகவில்லை.

தென்கிழக்காசியாவுக்கு இக்கேள்வி நெருக்கமானது. இங்கு குத்துச்சண்டை வளர்ந்தது பெரும்பாலும் குறைந்த எடைப்பிரிவுகளில்தான். சிங்கப்பூரில் கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் இடையே 1930-களில் தொடங்கப்பட்ட ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் உள்ளரங்கம், மல்யுத்தத்துக்கும் பூப்பந்துக்கும் போலவே குத்துச்சண்டைக்கும் களமாக இருந்தது. 1952-ல் தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி நடந்ததும் அங்குதான். 1960-களில் கே வோர்ல்ட் எனப் பெயர் மாறிய அப்பூங்கா 2000-ல் மூடப்பட்டது. அத்தகைய அரங்குகளிலிருந்து இன்றைய காலாங் உள்விளையாட்டரங்கம் வரை, இவ்வட்டாரத்து வீரர்கள் பலர் பெரும் பரிசுப் பணத்துக்காக எடை ஏற வேண்டியிருந்தது. பணமும் புகழும் பெரும்பாலும் மேல்பிரிவுகளில் குவிந்திருந்ததே காரணம். அப்படி ஏறுபவரின் குத்து மேலேயும் செல்லுபடியாகுமா என்பது அவருடைய வருமானத்தையும் உடல்நலத்தையும் தீர்மானிக்கும் கேள்வி.

எடைப்பிரிவுகளின் அமைப்பு

1909-ல் லண்டன் தேசிய விளையாட்டுக் கழகம் எட்டு எடைப்பிரிவுகளை முறைப்படுத்தியது. இன்று தொழில்முறைக் களத்தில் பதினேழு பிரிவுகள் பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. இவற்றுக்கிடையேயான இடைவெளி சீரானதல்ல. ஃப்ளைவெயிட்டின் உச்ச வரம்பு 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அடுத்துள்ள சூப்பர் ஃப்ளைவெயிட்டுக்கு 115 பவுண்டு. இந்த ஏற்றம் உடலெடையில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. மிடில்வெயிட்டின் 160 பவுண்டிலிருந்து சூப்பர் மிடில்வெயிட்டின் 168-க்குச் செல்வது ஐந்து விழுக்காடு. லைட் ஹெவிவெயிட்டின் 175 பவுண்டிலிருந்து குரூசர்வெயிட்டின் 200-க்குச் செல்வதோ பதினான்கு விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே 'ஒரு பிரிவு ஏறினார்' என்ற சொற்றொடர் எல்லா இடத்திலும் ஒரே அளவு மாற்றத்தைக் குறிப்பதில்லை.

எடை பார்க்கும் நேரமும் காலப்போக்கில் மாறியது. முன்பு போட்டி நடக்கும் நாளிலேயே எடை பார்த்தார்கள். 1982-ல் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்ததைத் தொடர்ந்து பல விதிகள் திருத்தப்பட்டன. பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன. எடை பார்ப்பதை முந்தைய நாளுக்கு மாற்றும் வழக்கமும் அடுத்த ஆண்டுகளில் பரவியது. அதன் விளைவாக, உடலின் நீரை வற்றச்செய்து வரம்புக்குள் வந்து, இரவுக்குள் பல கிலோவை மீட்டுக்கொண்டு மேடை ஏறுவது வழக்கமாயிற்று. அட்டவணையில் எழுதப்படும் எடையும் மேடையில் நிற்கும் உடலின் எடையும் வேறாகிவிட்டன.

கையுறையும் மாறுகிறது. பெரும்பாலான தொழில்முறை விதிமுறைகளில் வெல்டர்வெயிட் வரை 8 அவுன்ஸ் கையுறையும் அதற்கு மேல் 10 அவுன்ஸ் கையுறையும் பயன்படுகின்றன. 147 பவுண்டைத் தாண்டுபவர் கனமான எதிராளியை மட்டுமல்லாமல், கூடுதல் பஞ்சு வைத்த கையுறையையும் சந்திக்கிறார்.

முதல் நிலைப்பாடு: வலிமை பிறவிக் கொடை, அது உடன் வரும்

இந்நிலைப்பாடு மிகப் பழையது. குத்தின் வலிமை தசையின் பருமனில் இல்லை. நேரக்கணிப்பிலும் கால் ஊன்றும் முறையிலும் இடுப்புச் சுழற்சியிலும் இருக்கிறது. ஆகவே எடை ஏறினாலும் அது குன்றாது என்பது இதன் சாரம். இதன் முதல் பெரும் சான்றாகக் காட்டப்படுபவர் பாப் ஃபிட்ஸிமன்ஸ். 1891-ல் மிடில்வெயிட் பட்டம் வென்ற அவர், 1897-ல் ஏறத்தாழ 167 பவுண்டு எடையோடு ஜேம்ஸ் கார்பெட்டைப் பதினான்காம் சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆட்டத்தை முடித்தது வயிற்றின் மேற்பகுதியில் விழுந்த அடி.

தாமஸ் ஹெர்ன்ஸ் இன்னொரு சான்று. 1980-ல் பிப்பினோ குவேவாஸை இரண்டாம் சுற்றில் நிறுத்தி வெல்டர்வெயிட் பட்டம் வென்றவர், 1984-ல் சூப்பர் வெல்டர்வெயிட்டில் ராபர்ட்டோ துரானை இரண்டே சுற்றில் வீழ்த்தினார். 1987-ல் லைட் ஹெவிவெயிட்டில் டெனிஸ் ஆண்ட்ரீஸையும் மிடில்வெயிட்டில் ஹுவான் ரோல்டானையும் நிறுத்தினார். டெரன்ஸ் கிராஃபோர்டு லைட்வெயிட்டில் பட்டம் பெற்று வெல்டர்வெயிட்டுக்கு வந்தவர். 2018 முதல் 2023 வரை அந்தப் பிரிவில் அவர் ஆடிய எட்டுப் போட்டிகளும் இறுதி மணிக்கு முன்பே முடிந்தன. இரண்டு பிரிவு கீழே இருந்த காலத்தைவிட அவர் நிறுத்தும் விகிதம் உயர்ந்தது.

இந்த வாதத்தின் பலவீனம் சான்றுகளின் தேர்வில் உள்ளது. ஆறடிக்கு மேல் உயரமும் நீண்ட கைகளும் கொண்ட ஹெர்ன்ஸ், வெல்டர்வெயிட்டில் இருந்தபோதே அந்தப் பிரிவுக்கு மிஞ்சிய உடற்சட்டகம் கொண்டிருந்தார். அவர் எடை ஏறியதைத் தன் இயல்பான அளவை நோக்கி வளர்ந்ததாகவே கொள்ளலாம். மேலும், எடை ஏறித் தோற்றுத் திரும்பியவர்களும் ஏறவே துணியாதவர்களும் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கோட்பாடும் உறுதியானதாகவே தோன்றும்.

இரண்டாம் நிலைப்பாடு: ஏற ஏற வலிமை தேயும்

இரண்டாம் கூட்டத்தார் முன்வைக்கும் முதன்மைச் சான்று மானி பாக்கியோ. 1998-ல் ஃப்ளைவெயிட்டில் சாட்சாய் சசகுலை எட்டாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றவர் அவர். 2001-ல் சூப்பர் பேன்டம்வெயிட்டிலும் 2008-ல் லைட்வெயிட்டிலும் நிறுத்தங்கள் மூலமே பட்டம் வென்றார். 2009-ல் ரிக்கி ஹாட்டனை இரண்டாம் சுற்றிலும், வெல்டர்வெயிட்டில் மிகெல் கோட்டோவைப் பன்னிரண்டாம் சுற்றிலும் முடித்தார். அதன்பின் 2010 முதல் 2017 வரை ஆடிய பதின்மூன்று போட்டிகளில் ஒன்றைக்கூட அவரால் நிறுத்த முடியவில்லை. 2018 ஜூலையில் கோலாலம்பூரில் லூக்காஸ் மத்தீஸை ஏழாம் சுற்றில் வீழ்த்தியபோதுதான் அந்த வறட்சி தீர்ந்தது.

துரானின் வாழ்க்கையும் இதே கோட்டில் வைத்துப் பேசப்படுகிறது. 1972 முதல் 1979 வரை லைட்வெயிட் பட்டத்தைப் பன்னிரண்டு முறை காத்த அவர், அவற்றில் பதினொன்றை நாக் அவுட்டில் முடித்தார். வெல்டர்வெயிட்டில் 1980-ல் ரே லெனர்டை வென்றதும், மிடில்வெயிட்டில் 1989-ல் ஐரன் பார்க்லியை வென்றதும் நடுவர் தீர்ப்பில்தான். ஆயினும் 1983-ல் சூப்பர் வெல்டர்வெயிட்டில் டேவி மூரை எட்டாம் சுற்றில் நிறுத்தியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937-ல் ஃபெதர்வெயிட் பட்டத்தை நாக் அவுட்டில் வென்றார். அடுத்த ஆண்டு வெல்டர்வெயிட், லைட்வெயிட் பட்டங்களை வென்றதோ பதினைந்து சுற்று முழுவதும் ஆடிய பிறகு. பின்னர் வெல்டர்வெயிட் பட்டத்தைக் காத்தபோது பலரை நிறுத்தவும் செய்தார். ஆகவே அவருடைய கதையை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டலாம்.

இன்னும் நுட்பமான சான்று நவோயா இனோவே. 2018-ல் பேன்டம்வெயிட்டுக்கு வந்தபோது அவருடைய முதல் மூன்று எதிராளிகள் முறையே முதல், முதல், இரண்டாம் சுற்றுகளில் வீழ்ந்தார்கள். 2023-ல் சூப்பர் பேன்டம்வெயிட்டுக்கு ஏறியபின் முதல் மூவர் வீழ்ந்தது எட்டு, பத்து, ஆறாம் சுற்றுகளில். நிறுத்தங்கள் தொடர்ந்தன, அதற்குத் தேவைப்பட்ட நேரம் நீண்டது. 2025 செப்டம்பரில் முரோஜோன் அக்மதலியேவ் பன்னிரண்டு சுற்றும் தாக்குப்பிடித்தார். வலிமை இருக்கிறது அல்லது இல்லை என்ற இருமையைவிட, அதன் பலன் படிப்படியாகக் குறைகிறது என்ற வாசிப்புக்கு இத்தொடர் இடம் தருகிறது.

இந்நிலைப்பாட்டின் பலவீனம், எடையோடு சேர்ந்து மாறும் மற்றக் காரணிகளைப் பிரிக்க முடியாமையில் உள்ளது. பாக்கியோவின் வறண்ட ஆண்டுகள் அவருடைய 31-ஆம் வயதுக்கும் 38-ஆம் வயதுக்கும் இடைப்பட்டவை. அந்தக் காலத்து எதிராளிகளில் ஃபிளாயிட் மேவெதர், திமத்தி பிராட்லி, ஹுவான் மனுவேல் மார்க்கேஸ் போன்ற தற்காப்பு வல்லவர்கள் இருந்தார்கள். 2014-ல் கிறிஸ் ஆல்ஜியெரியை ஆறு முறை தரையில் வீழ்த்தியும் ஆட்டம் நிற்கவில்லை. அங்கே வலிமை குறைவாக இருந்தது என்று சொல்வது கடினம். கிராஃபோர்டு 2024-லும் 2025-லும் முறையே சூப்பர் வெல்டர்வெயிட்டிலும் சூப்பர் மிடில்வெயிட்டிலும் பெற்ற வெற்றிகள் நடுவர் தீர்ப்பில் வந்தவை. அவரும் அப்போது முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார், கையுறையும் கனமாகியிருந்தது. வயது, எதிராளியின் தரம், கையுறை, எடை ஆகிய நான்கில் எது எவ்வளவு பங்களித்தது என்பதைப் போட்டி முடிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

மூன்றாம் நிலைப்பாடு: உடலை வருத்துவது நின்றால் வலிமை கூடும்

மூன்றாம் நிலைப்பாடு எடை பார்க்கும் முறை மாறியபின் வலுப்பெற்றது. கீழ்ப்பிரிவின் வரம்புக்குள் நுழையப் பட்டினியும் நீரிழப்பும் மேற்கொள்ளும் வீரர், கால்களில் உறுதி இல்லாமலும் கடைசிச் சுற்றுகளுக்கு மூச்சு போதாமலும் மேடை ஏறுகிறார். அவர் ஒரு பிரிவு ஏறினால் அந்தச் சுமை நீங்குகிறது. குத்தின் வலிமை கூடாவிட்டாலும், அந்த வலிமையைப் பத்தாம் சுற்று வரை கொண்டுசெல்ல முடிகிறது என்பது இவர்கள் வாதம். பேன்டம்வெயிட்டுக்கு வந்த இனோவே தொடக்கத்தில் காட்டிய வேகமான நிறுத்தங்களை இவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

எடை குறைப்பின் ஆபத்து சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கலப்புத் தற்காப்புக்கலை நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பின் வழியாக இவ்வட்டாரத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான்பிங் மணிலாவில் எடை குறைப்பின்போது இறந்தார். அதன்பின் நீரிழப்பின் மூலம் எடை குறைப்பதை அந்நிறுவனம் தடைசெய்தது. எடையோடு உடலின் நீர்ச்சத்தையும் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்து, பிரிவுகளின் வரம்புகளையும் உயர்த்தியது. நீர் வற்றாத உடல்களே மோத வேண்டும் என்ற எண்ணத்தை விதியாக்கிய முயற்சி இது. குத்துச்சண்டையின் பெரிய அமைப்புகள் இவ்வளவு தூரம் செல்லவில்லை. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு மட்டும் தன் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலையில் மீண்டும் எடை பார்த்து, மீட்கும் எடைக்கு வரம்பு வைத்து வந்திருக்கிறது.

இந்நிலைப்பாட்டுக்கு எதிரான சான்று நோனிட்டோ டொனேர். பேன்டம்வெயிட்டில் 2011-ல் ஃபெர்னாண்டோ மோன்டியெலை இரண்டாம் சுற்றில் வீழ்த்திய அவர், ஃபெதர்வெயிட் வரை ஏறி 2014-ல் நிக்கோலஸ் வால்டர்ஸிடம் ஆறாம் சுற்றில் வீழ்ந்தார். மீண்டும் பேன்டம்வெயிட்டுக்கு இறங்கி, 2021-ல் 38 வயதில் நோர்தின் உபாலியை நான்காம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். வயது கூடியும் எடை இறங்கியபோது வலிமையின் பலன் திரும்பியது. எடை குறைப்பின் சுமை எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பதையும், பிரிவுக்கேற்ற உடற்சட்டகம் அதைவிட முக்கியமாக இருக்கலாம் என்பதையும் இது உணர்த்துகிறது.

சிங்கப்பூரின் முகம்மது ரிதுவானும் எதிர்த்திசையில் சென்றவர். கூடிய எடையில் ஆடிவந்தவர், 2018-ல் சூப்பர் பேன்டம்வெயிட்டுக்கு இறங்கி, சர்வதேசக் குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்துக்காக நமீபியாவின் பவுலஸ் அம்புண்டாவைச் சிங்கப்பூரில் சந்தித்து நடுவர் தீர்ப்பில் தோற்றார். இறங்கினால் வலிமை தானாகவே மேலோங்கும் என்ற எதிர்பார்ப்பும் எல்லா இடத்திலும் நிறைவேறுவதில்லை.

ஆய்வகச் சான்றுகள்

குத்தின் விசையை நேரடியாக அளந்த ஆய்வுகள் விவாதத்துக்கு வேறு அடித்தளம் தருகின்றன. 1985-ல் பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்து அளக்கப்பட்டது. முட்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் சென்று, சுமார் 4,100 நியூட்டன் உச்ச விசையை உண்டாக்கியது. 2000-ல் வெளியான ஸ்மித் குழுவினரின் ஆய்வில், பின்கையால் குத்தும் விசை தேர்ந்த வீரர்களுக்கு ஏறத்தாழ 4,800 நியூட்டன், இடைநிலையினருக்கு 3,700, புதியவர்களுக்கு 2,400 என்று பதிவானது. தேர்ச்சியால் வரும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இது காட்டுகிறது. புதியவரைவிடத் தேர்ந்தவரின் விசை இரு மடங்கு. முதல் நிலைப்பாட்டினர் நுட்பத்துக்குத் தரும் முக்கியத்துவத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

ஆனால் 2005-ல் வாலில்கோ, வியானோ, பிர் ஆகியோர் ஒலிம்பிக் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரையிலான வீரர்கள் பொம்மைத் தலையின் தாடையில் குத்தினார்கள். சராசரி விசை சுமார் 3,400 நியூட்டன்; முட்டியின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. கனமான பிரிவினரின் விசை கூடுதலாக இருந்ததற்கு முதன்மைக் காரணம் வேகம் அல்ல. குத்தின் பின்னால் செயல்படும் நிறை. இதனைச் 'செயலுறு நிறை' எனலாம். முட்டி மோதும் கணத்தில் கை, தோள், உடல் ஆகியவற்றின் எவ்வளவு நிறை அதனோடு இறுகிச் சேர்ந்து இயங்குகிறது என்பதன் அளவு அது. அவ்வாய்வில் அதன் சராசரி சுமார் 2.9 கிலோ.

இந்த இரு முடிவுகளையும் சேர்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. நுட்பம் சிறந்தவர் தன் உடலின் நிறையை அதிக விகிதத்தில் முட்டிக்குக் கொண்டுசெல்கிறார். அந்தத் திறன் எடைப்பிரிவு மாறினாலும் அவரை விட்டுப் போவதில்லை. ஆனால் அவர் கொண்டுசெல்லும் நிறைக்கு உடலின் அளவே எல்லை வகுக்கிறது.

எடை ஏறும் ஒருவரின் விசை அதே விகிதத்தில் கூடாததற்கு உடலியலில் அறியப்பட்ட காரணம் உண்டு. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலெடையோ பருமனைப் பொறுத்தது. ஒத்த வடிவ உடல்களை ஒப்பிட்டால், எடை பத்து விழுக்காடு கூடும்போது வலிமை ஏறத்தாழ ஆறரை விழுக்காடே கூடும். பளு தூக்குதலில் கனமான பிரிவினர் அதிக எடை தூக்கினாலும் தம் உடலெடையோடு ஒப்பிடக் குறைவாகவே தூக்குவது இதே கணக்கால்தான். கூடிய எடையில் கொழுப்போ நீரோ பங்கு வகித்தால் விசையின் ஏற்றம் இன்னும் குறையும். ஆகவே எடை ஏறியவரின் குத்து தனிப்பட்ட அளவில் வலுவடையலாம். எதிரே நிற்கும் கனமான உடலோடு ஒப்பிடும்போது பின்தங்கலாம். 'வலிமை கூடியது', 'வலிமை குறைந்தது' என்ற இரு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இது வழிசெய்கிறது.

அடி வாங்குபவரின் பங்கு

நாக் அவுட் என்பது குத்துபவர் ஒருவரின் பண்பு மட்டுமன்று. இரு உடல்களுக்கிடையே நிகழும் ஒன்று. 1943-ல் ஹோல்போர்ன் முன்வைத்து, பின்னர் ஒமாயாவும் ஜென்னரெல்லியும் விரித்த கருத்துப்படி, மயக்கத்துக்கு முதன்மையான காரணம் தலை திடீரெனச் சுழலும் முடுக்கம். தாடையின் ஓரத்தில் விழும் கொக்கிக் குத்து நேர்க்குத்தைவிட அடிக்கடி ஆட்டத்தை முடிப்பது இதனால்தான். தலையின் நிறை, கழுத்துத் தசையின் பருமன், அடி வருவதை முன்னுணர்ந்து கழுத்தை இறுக்குவது ஆகியவை அந்தச் சுழற்சியைக் குறைக்கின்றன.

மேல்பிரிவின் எதிராளிக்குப் பொதுவாகக் கழுத்தும் தோளும் பெரிதாக இருக்கும். அவர் எடை குறைப்பால் வாடாதவரானால் தாங்கும் ஆற்றல் இன்னும் கூடும். அவருடைய கை நீளம், சிறியவரின் குத்து சேரும் தூரத்தைக் கூட்டுகிறது. சிறியவர் அடிக்க உள்ளே செல்ல வேண்டும். அதனால் முழு உடலையும் ஊன்றிக் குத்தும் வாய்ப்பு குறைகிறது. இந்த இழப்பு தசையில் அல்ல, தூரத்தில் நேர்கிறது. போட்டிப் புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே தோற்றத்தில் பதிவாகின்றன.

பெரிய தாவல்கள் இதைத் தெளிவாக்குகின்றன. 2016-ல் வெல்டர்வெயிட் வீரர்களான அமீர் கானும் கெல் புரூக்கும் மிடில்வெயிட் களத்தின் பெரிய பெயர்களைச் சந்தித்தார்கள். கான் 155 பவுண்டு வரம்பில் கனேலோ ஆல்வரஸிடம் ஆறாம் சுற்றில் வீழ்ந்தார்; புரூக் 160 பவுண்டில் கென்னடி கொலோவ்கினிடம் ஐந்தாம் சுற்றில் நிறுத்தப்பட்டார். இருவரும் தொடக்கச் சுற்றுகளில் வேகத்தால் புள்ளிகள் பெற்றார்கள். அந்தக் குத்துகள் எதிராளியைப் பின்வாங்க வைக்கவில்லை. குத்தின் வலிமை எதிராளியை எச்சரிக்கையாக இருக்கச் செய்யும் கருவியுமாகும். அந்தப் பயன் குறைந்தவுடன் தற்காப்பும் பலவீனமடைகிறது. எடை ஏறுபவரின் வலிமையைப் பேசும்போது அவர் வாங்கும் அடிகளையும் சேர்த்துப் பேச வேண்டிய காரணம் இதுவே.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. குரூசர்வெயிட்டிலிருந்து ஏறிய ஒலெக்சாண்டர் உசிக், 2021-லும் 2022-லும் ஆன்டனி ஜோஷுவாவையும், 2024-ல் இரு முறை டைசன் ஃபியூரியையும் நடுவர் தீர்ப்பில் வென்றார். டேனியல் டுபாவை 2023-ல் ஒன்பதாம் சுற்றிலும் 2025-ல் ஐந்தாம் சுற்றிலும் வீழ்த்தினார். ஒரே வீரர், ஒரே பிரிவு. முடிவு எதிராளியைப் பொறுத்து மாறியது.

அமெச்சூர் களம்: சிறிய எடைகளின் பெரிய தாவல்

தமிழ் வாசகருக்கு நெருக்கமான வீரர்கள் பெரும்பாலும் அமெச்சூர் களத்தைச் சேர்ந்தவர்கள். அங்கு பிரிவுகள் குறைவு. ஆகவே தாவல் பெரிது. சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக் மேடை ஏறிய ஒரே குத்துச்சண்டை வீரரான சையது அப்துல் காதர், 1972 மியூனிக் போட்டியில் 48 கிலோ லைட் ஃப்ளைவெயிட்டில் ஆடினார். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1968-ல்தான். அதற்கு முன்பு அவருடைய உடலளவு கொண்ட ஒருவர் 51 கிலோ ஃப்ளைவெயிட்டில் மோத வேண்டியிருந்திருக்கும். அது ஆறு விழுக்காட்டைத் தாண்டும் ஏற்றம். தொழில்முறைக் களத்தில் ஃப்ளைவெயிட்டிலிருந்து அடுத்த பிரிவுக்கு ஏறுவதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

அந்த நிலை பின்னர் திரும்பி வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களின் 49 கிலோ பிரிவு நீக்கப்பட்டதால், 2018 ஆசியப் போட்டியில் அதே எடையில் தங்கம் வென்ற இந்தியாவின் அமித் பங்கால் 52 கிலோவுக்கு ஏறினார். 2019 உலகப் போட்டியில் வெள்ளியும் பெற்றார். டோக்கியோவில் அவரை வென்ற கொலம்பியாவின் யுபெர்ஜென் மார்த்தினேஸும் 49 கிலோவிலிருந்து ஏறியவரே. 2012-ல் லண்டனில் பெண்களுக்கு 51, 60, 75 கிலோ ஆகிய மூன்றே பிரிவுகள் இருந்தன. 46, 48 கிலோவில் உலகப் பட்டங்கள் வென்ற மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறி வெண்கலம் வென்றார். அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 எனத் தோற்றார். மாறாக, டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் பெற்ற லவ்லினா போர்கோஹெய்ன் 75 கிலோவுக்கு ஏறி 2023-ல் உலகப் பட்டமே வென்றார். உயரமான உடற்சட்டகம் அவருக்குத் துணைநின்றது எனக் கருதலாம்.

அமெச்சூர் ஆட்டம் மூன்று சுற்றுகளே. நாக் அவுட் அரிது. இங்கு வலிமை இழப்பு வேறு வகையில் வெளிப்படுகிறது. எதிராளியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் குறைவதாலும், பிணைப்பில் தள்ளப்படுவதாலும், நடுவர் கண்ணில் அடி கனமாகத் தெரியாமல் போவதாலும் புள்ளிகள் நழுவுகின்றன. ஆகவே நாக் அவுட் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வுகள் இந்த வீரர்களின் அனுபவத்தை முற்றாகத் தவறவிடுகின்றன.

அளவிடுவதில் உள்ள இடர்கள்

பொதுவாக எடுத்தாளப்படும் அளவு 'நாக் அவுட் விழுக்காடு'. இதில் பல குறைகள் உள்ளன. வீரர்கள் தொடக்க ஆண்டுகளில் பலவீனமான எதிராளிகளோடு மோதி எண்ணிக்கையை உயர்த்திக்கொள்கிறார்கள். பட்டப் போட்டிகளின் காலத்தில்தான் பெரும்பாலும் எடையும் ஏறுகிறார்கள். எனவே விழுக்காடு குறைவதற்கு எதிராளியின் தரமே போதுமான விளக்கமாகிவிடலாம். நடுவர் இடைமறித்தல், காயம், மூலையிலிருந்து விலகல் ஆகிய யாவும் ஒரே பட்டியலில் சேர்கின்றன. உடல் களைத்து விழுவதும் ஒரே அடியில் விழுவதும் ஒன்றாக எண்ணப்படுகின்றன.

இன்னொரு சிக்கல், கனமான பிரிவுகளில் நிறுத்தங்கள் பொதுவாகவே அதிகம் என்பது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து வரைபடம் இட்டால், எடை கூடக் கூட நாக் அவுட்டும் கூடுவதாகத் தெரியும். தனி வீரரின் பயணத்தைத் தொடர்ந்தால் எதிர்மாறாகத் தெரியலாம். முதலாவது கனமானவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதன் கணக்கு. இரண்டாவது சிறியவர் பெரியவரைச் சந்திப்பதன் கணக்கு. இவ்விரண்டையும் குழப்புவதே இந்த விவாதத்தில் அடிக்கடி நேரும் பிழை.

மதிப்பீடு

சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கையில் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். எடை ஏறுவதால் மட்டும் குத்தின் தனிவிசை குறைவதில்லை. நல்ல தசையோடு ஏறினால் சற்றுக் கூடவும் செய்யும். ஆனால் எதிராளியின் தாங்குதிறனும் தூரமும் அதைவிட வேகமாகக் கூடுவதால், குத்தின் பலன் சராசரியாகக் குறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குறைவு திடீர் இழப்பாக வருவதைவிட, நிறுத்தத்துக்குத் தேவையான நேரம் நீள்வதாகவே முதலில் வெளிப்படலாம். பிரிவுக்கு மிஞ்சிய உடற்சட்டகம் உடையவர்கள், நுட்பத்தால் வீழ்த்துபவர்கள், எடை குறைப்பால் மிகவும் வாடியவர்கள் ஆகிய மூவகையினருக்கும் இழப்பு சிறியதாகவோ இல்லாமலோ இருக்கலாம். வேகமும் உள்ளே புகும் துணிவுமே முதலாகக் கொண்ட குள்ளமானவர்களுக்கு அது பெரிதாகலாம்.

திறந்தே உள்ள கேள்விகளும் குறைவல்ல. ஒரே வீரரின் விசையை எடை ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஆய்வகத்தில் தொடர்ந்து அளந்த தரவுகள் அரிதானவை. மேடை ஏறும் நேரத்து உண்மையான எடை பல இடங்களில் வெளியிடப்படுவதில்லை. அது இல்லாமல் ஏற்றத்தின் அளவையே கணக்கிட முடியாது. வயதின் விளைவை எடையின் விளைவிலிருந்து பிரிக்க, இளமையிலேயே ஏறியவர்களையும் பிற்காலத்தில் ஏறியவர்களையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். பெண்கள் பற்றிய தரவு ஆண்களுடையதைவிட மிகக் குறைவு.

இவற்றைத் தீர்ப்பது புள்ளிவிவர ஆர்வத்துக்காக மட்டும் அல்ல. 48 கிலோ உடலை 51-க்கு ஏற்றச் சொல்வதோ, 52 கிலோ உடலை 49-க்கு வற்றச் சொல்வதோ, ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் மூளையையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கும் முடிவு. ஏறுபவரின் குத்து எவ்வளவு எடுபடும் என்பதோடு, அவர் எவ்வளவு அடியை ஏற்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்து அளக்கும் ஆய்வே இக்கேள்விக்கு முழுமையான பதிலைத் தரும். அதுவரை பயிற்சியாளர்கள் நம்பத்தக்க வழிகாட்டி மூன்று: வீரரின் இயல்பான எடை, அவருடைய உடற்சட்டகம், அவர் எந்த வகையில் எதிராளியை வீழ்த்துகிறார் என்ற கவனிப்பு.